மகாமண்டலேஸ்வரரின் ராஜினாமா

அல்சூரில் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் குறுக்குத் தெருக்களில் ஒன்றில் ஒரு மகாமண்டலேஸ்வரர் இரண்டு வருடமாக ஆட்சி செய்துகொண்டிருந்தார். தெருவில் யாருக்கும் அது தெரியாது. அவர்களுக்கு அவர் ரங்கா சார். மாநில அரசின் ஓர் இலாகாவில் முப்பத்தைந்து வருடம் கோப்பு தள்ளி, அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர். மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால் கீழே நின்றுகொண்டு மேல்நோக்கி ஆங்கிலத்தில் பேசுகிறவர். அவ்வளவுதான்.

ஆட்சி நடந்தது கைப்பேசியில். 'ரத்ன சிம்மாசனம்' என்று ஒரு விளையாட்டு. ஓய்வுபெற்ற மூன்றாம் வாரம், பஞ்சாங்க ஆப்பில் ராகு காலம் பார்த்துக்கொண்டிருந்தபோது குறுக்கே விளம்பரமாக வந்தது. விளம்பரத்து ராஜா அரண்மனைக்குள் வெள்ளம் வருவதைப் பார்த்துக்கொண்டே தப்பான கதவைத் திறந்து மூழ்கிப்போனார். ரங்காவுக்கு அந்த நிர்வாகச் சீர்கேடு பொறுக்கவில்லை. கொஞ்சம் விவரம் தெரிந்த எந்த அதிகாரியும் முதலில் கஜானாவை மேல்தளத்துக்கு மாற்றியிருப்பான். தொட்டார். இறங்கிவிட்டது. ஏழு நாள் இலவசம். எட்டாம் நாளிலிருந்து 'ராஜ முத்திரை' என்ற மாதச் சந்தா. முத்திரை இல்லாதவன் பிரஜையாக இருக்கலாம், மண்டலத்துக்குத் தலைவனாக முடியாது. பிரஜையாக இருக்க வீட்டிலேயே வசதி இருந்ததால், ரங்கா முத்திரையை வாங்கிக்கொண்டார்.

அவருடைய கருடத்வஜ மண்டலத்தில் ஐம்பது உறுப்பினர்கள். அதை அவர் இலாகா மாதிரியே நடத்தினார். வாரத்துக்கு இரண்டு சுற்றறிக்கை. அரட்டைப் பெட்டியில் ஒரு தடவைக்கு இருநூறு எழுத்துதான் போகும் என்பதால் ஒவ்வொரு சுற்றறிக்கையும் பதினோரு துண்டாகப் போகும். ஆறாம் துண்டுக்கும் ஏழாம் துண்டுக்கும் நடுவில் யாராவது 'போருக்குத் தயார்' என்று நுழைந்துவிட்டால், முந்தையதை ரத்து செய்துவிட்டு முதலிலிருந்து அனுப்புவார். பொருளின் தொடர்ச்சி கெட்டுவிடக்கூடாது.

வங்கியில் கொடுத்த டைரி ஒன்றில் மற்ற நாற்பத்தொன்பது பேருக்கும் ரகசியக் குறிப்பு எழுதிவந்தார். 'அக்னிபுத்ரா 77' என்பவருக்கு இரண்டு வருடமும் 'மிகச் சிறப்பு'. காலை ஆறு மணிக்கு வந்துவிடுவார், லீவு கேட்க மாட்டார், எதிர்த்துப் பேச மாட்டார். ஆஷ்லி என்ற பெண்ணுக்கு 'திருந்த வாய்ப்பு உண்டு'. மர்பி டவுனில் இருப்பதாகத் தன் பக்கத்தில் போட்டிருந்தாள். நினைத்தால் வருவாள், நினைத்தால் காணாமல் போவாள். ஒரு முறை மூன்று நாள் தொடர்ந்து வரவில்லை. ரங்கா விளக்கம் கேட்டு மெமோ அனுப்பினார். 'எக்ஸாம் அங்கிள், சாரி' என்று பதில் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டதாகவும் இனி இவ்வாறு நேராதிருக்க எச்சரிக்கப்படுவதாகவும் டைரியில் பதிவானது.

இப்படிச் சீராகப் போய்க்கொண்டிருந்த ஆட்சிக்கு ஆபத்து எதிரி நாட்டிலிருந்து வரவில்லை. கோமளத்தின் கடைவாய்ப் பல்லிலிருந்து வந்தது.

ஒரு வியாழக்கிழமை நான்கு மணிக்கு அவர் மனைவி கோமளத்துக்கு கேம்பிரிட்ஜ் லேஅவுட்டில் ரூட் கேனால், இரண்டாவது சிட்டிங். கூட வரச் சொன்னாள். நான்கு மணிக்குப் போர் இருப்பதாக ரங்கா சொன்னார். வீங்கின கன்னத்தோடு, பாதி வாயால்தான் பேச முடிந்தது கோமளத்தால். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பீன்ஸ் என்ன விலை என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"நீங்க அங்க இல்லேன்னா என்னன்னா ஆயிடும்?"

"என்ன ஆயிடுமா? அம்பது பேர் இருக்கா. யார் பாத்துப்பா?"

"யாராவது பாத்துப்பா. ஆபீஸை இப்போ யாரோ பாத்துக்கலையா என்ன?"

சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துத் தனியாகப் போய்விட்டாள். அன்றைய போரில் கருடத்வஜ மண்டலம் வென்றது. வெற்றி ரங்காவுக்கு ருசிக்கவில்லை.

ஆபீஸ் என்ற சொல்லை அவள் எடுத்திருக்க வேண்டாம். இரண்டு வருடம் முன்பு மே முப்பத்தொன்றாம் தேதி அவர் ஓய்வு பெற்றார். லோக்சபா தேர்தல் முடிவு இன்னும் வரவில்லை, நடத்தை விதி அமலில் இருந்தது. ஆகவே பிரிவுபசார விழா வைக்க முடியாது என்று சகாக்கள் வருத்தத்தோடு சொன்னார்கள். விதி என்றால் விதி. ரங்காவுக்கு அதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் அதே தாழ்வாரத்தின் மறுகோடியில் அதே நாள் ஓய்வுபெற்ற இன்னொருவருக்கு, 'டீ பார்ட்டி' என்ற பெயரில், மைசூர் பேட்டாத் தலைப்பாகை வைத்து, ஏலக்காய் மாலை போட்டு, மஞ்சள் காகிதம் சுற்றிய பழக்கூடை கொடுத்தார்கள். உங்களுக்கு ஜூனில் ஜோராகச் செய்துவிடலாம் சார் என்று ரங்காவிடம் சொன்னார்கள். எந்த ஜூன் என்று சொல்லவில்லை. அவர் பிளாஸ்க்கையும், நாற்காலி முதுகில் போட்டிருந்த இரண்டு துண்டுகளையும் ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு லிஃப்டில் இறங்கினார். லிஃப்ட்காரர், எந்த மாடி என்று கேட்டார். அன்று அவரிடம் பேசிய கடைசி ஆள் அவர்தான்.

இத்தனைக்கும் அதே இலாகாவில் ஒரு காலத்தில் அவரைப் போகாதே என்று கெஞ்சியிருக்கிறார்கள். இரண்டு முறை விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தவர் அவர். ஒன்று பதவி உயர்வு தள்ளிப்போனபோது. இன்னொன்று, தனக்கு ஜூனியரான ஒருவர் நாற்காலியில் தன்னுடையதைவிடப் பெரிய துண்டு போட்டபோது. எழுதிக் கொடுப்பது போவதற்காக இல்லை என்பது கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். அதற்கு ஒரு முறை இருந்தது. மேலதிகாரி முதலில் காகிதத்தைப் படித்துவிட்டு, யோசியுங்கள் என்பார். இவர் முடியாது என்பார். இரண்டாவது தடவை காபி வரவழைத்துக் கேட்பார். அப்போதும் இவர் முடியாது என்பார். மூன்றாவது தடவை அதிகாரி நாற்காலியைவிட்டு எழுந்து, சுற்றிவந்து, தோளில் கை வைத்து, "ரங்கா அவரே, நீவு ஹோதரெ செக்ஷன் யாரு நோட்கொள்தாரெ?" என்று கேட்பார். நீங்கள் போனால் செக்ஷனை யார் பார்த்துக்கொள்வது. அந்த இடத்தில் இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்.

முதல் தடவை கேட்பது மரியாதைக்கு, இரண்டாவது தடவை கேட்பது பயத்தில், மூன்றாவது தடவைதான் மனசிலிருந்து வருகிறது என்பது ரங்காவின் சித்தாந்தம். மூன்றாவது தடவைக்கு முன்னால் மசிந்துவிடுகிறவனை உலகம் மதிக்காது.

ஆகவே கோமளத்துக்குப் பதில் சொல்ல அவருக்கு ஒரே வழிதான் தெரிந்தது. ராஜினாமா.

ராஜினாமாக் கடிதம் நான்கு நாளில் தயாரானது. முதலில் கையால் எழுதி, அடித்து, திருத்தி, நகல் எடுத்து, பிறகு கைப்பேசியில் ஒற்றை விரலால் தட்டினார். அரட்டைப் பெட்டிக்குள் அது இருபத்தாறு துண்டாகப் போயிற்று. பதவியேற்றபோது மண்டலத்தில் இருந்த யானைகள், இப்போது இருக்கும் யானைகள், பொறுப்பை ஒப்படைக்கும் விதம், தற்காலிகப் பொறுப்பாளராக அக்னிபுத்ரா 77-ஐப் பரிந்துரைப்பது, எல்லாம் இருந்தன. கடைசித் துண்டில் மட்டும் கொஞ்சம் மனசு இருந்தது. அனுப்பிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்.

ஒரு நிமிடத்துக்குள் முப்பது பதில்கள் வந்துவிட்டன. 'போருக்குத் தயார்.' 'நன்றி, தலைவரே.' 'போருக்குத் தயார்.' 'தங்கம் தேவை.' 'தலைவர் வாழ்க.' 'நன்றி, தலைவரே.'

அதிர்ச்சியில் என்ன சொல்வதென்று தெரியாமல் சொல்கிறார்கள் என்று ரங்கா முடிவு செய்தார். ஆனாலும் 'தங்கம் தேவை' உறுத்தியது. மாடிக்குப் போனார்.

மாடியில் வாடகைக்கு இருந்தவன் ரகு. கோவில்பட்டிக்காரன். வேளாவேளைக்குத் தண்ணீர் குடிக்கும்படி ஜனங்களுக்கு நினைவூட்டுகிற ஆப் ஒன்றைத் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. அதற்காகவே நாற்பது பேர் பெல்லந்தூரில் ஒரு மாடி முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவன் சொன்னபோது ரங்கா நம்பவில்லை, பிறகு தன் இலாகாவை நினைத்துப் பார்த்து நம்பினார். ரகு கைப்பேசியை வாங்கி, உறுப்பினர் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். அவனுக்குச் சங்கடமாகிவிட்டது. வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டுச் சொன்னான்.

"சார், இவங்கள்லாம் ஆளுங்க இல்ல சார்."

"ஆள் இல்லேன்னா?"

"கம்ப்யூட்டர். கம்பெனியே உக்கார வெச்சிருக்கு. நாலு டயலாக்தான் இருக்கும், மாத்தி மாத்திச் சொல்லும்."

ரங்கா பட்டியலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு, அதை வைத்து ஒரு முடிவுக்கு வந்துவிட முடியாது என்றார். முப்பது வருடம் தனக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்கு இரண்டு டயலாக்தான் இருந்தது, அவர்களெல்லாம் மனிதர்கள்தான், பென்ஷன் வாங்குகிறார்கள்.

அக்னிபுத்ராவைப் பற்றித் தனியாகக் கேட்டார். அதுவும் அப்படித்தான் என்றான் ரகு. காலை ஆறு மணிக்கு டாணென்று தினமும் வருகிறவன் மனுஷனாக இருக்க முடியாது சார் என்று விளக்கினான். ஐம்பதில் நாற்பத்தெட்டு இப்படி. மிச்சம் ரங்கா. அப்புறம் ஆஷ்லி.

"இது மட்டும் ஒரிஜினல் சார். ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருக்கு, பாருங்க."

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆஷ்லியின் பதில் வந்தது. இருபத்தாறு துண்டுக்கும் சேர்த்து ஒரே பதில். 'ஓகே அங்கிள்.' பக்கத்தில் ஒரு கட்டைவிரல்.

அந்தக் கட்டைவிரலை ரங்கா நன்றாகப் பார்த்தார். வேறு எவனாக இருந்தாலும் அதோடு படுத்திருப்பான். ஆனால் முப்பத்தைந்து வருட அனுபவம் அவரைக் கைவிடவில்லை. தவறு தன்மீதுதான் என்று ரகுவிடம் ஒப்புக்கொண்டார். ராஜினாமாவைக் கீழே இருப்பவர்களிடம் கொடுத்தது நடைமுறைப் பிழை. நியமித்த அதிகாரியிடம்தான் கொடுத்திருக்க வேண்டும். முத்திரையைக் கொடுத்தது கம்பெனி. போகாதே என்று சொல்ல வேண்டியதும் கம்பெனிதான்.

அதற்கு ரங்கா சார் சந்தாவை ரத்து செய்ய வேண்டும் என்றான் ரகு. ஆப்பை மட்டும் அழித்தால் போதாது, பணம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், முதலில் ரத்து, அப்புறம் அழிப்பு. ரங்காவுக்கு இது உடனே புரிந்தது. முதலில் விடுவிப்பு ஆணை, பிறகு குவார்ட்டர்ஸ் சாவி.

ரத்து செய்யும் இடம் சுலபத்தில் அகப்படவில்லை. அமைப்புகள், அதற்குள் கணக்கு, அதற்குள் முத்திரை, அதற்குள் சலுகைகள், அதையும் தாண்டி அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில் இருந்தது. ரகு கம்பெனிக்காரர்களைத் திட்டினான். ரங்காவுக்கு மரியாதைதான் கூடியது. தன் இலாகாவில் புகார் மனுப் படிவத்தை வைத்திருந்த இடம் அவருக்கு ஞாபகம் வந்தது. நல்ல நிர்வாகம் நடக்கிற இடம் இது.

தொட்டார். திரை இருண்டது. ரத்னாவதி என்ற இளவரசி வந்தாள். கண்ணில் நீர். 'போகாதீர்கள், மகாமண்டலேஸ்வர ரங்கா அவர்களே. நீங்கள் இல்லாமல் இந்த மண்டலம் இருண்டுவிடும்.'

கீழே இரண்டு பொத்தான்கள். 'இருக்கிறேன்' என்பது பச்சையில், உள்ளங்கை அளவு. 'போகிறேன்' என்பது சாம்பலில்.

ரங்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாய்வார்த்தையாக எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். எழுத்துமூலமாக இதுதான் முதல் தடவை. ரகுவை அதை ஒரு படம் எடுத்து வைக்கச் சொன்னார். எடுத்தான். அந்த இளவரசிக்குள் ஆள் இல்லை என்பதை இன்னொரு தடவை சொல்லலாமா என்று நினைத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டான்.

முதல் தடவை மரியாதைக்கு. 'போகிறேன்' என்பதை அழுத்தினார்.

இரண்டாவது திரையில் காரணம் கேட்டார்கள். விலை அதிகம், இடம் போதவில்லை, கடினமாக இருக்கிறது, நேரம் இல்லை, மற்றவை. மற்றவை என்பதில் முந்நூறு எழுத்து எழுதலாம். நான்கு பக்கக் கடிதத்தை முந்நூறு எழுத்துக்குச் சுருக்க அவருக்கு அரை மணி நேரம் ஆனது. யானைகளை விட்டுவிட வேண்டியிருந்தது. அதற்கும் கீழே, மூன்று மாதத்துக்குப் பாதி விலையில் முத்திரை தருவதாகவும், நிச்சயமாகப் போகத்தான் போகிறீர்களா என்றும் கேட்டிருந்தது. இளவரசி இப்போது மண்டியிட்டிருந்தாள்.

"பாதி ரேட்டு சார். இதுக்கு மேல எறங்க மாட்டாங்க. இருக்கறேன்னு குடுத்துருங்க."

ரங்கா சிரித்தார். அனுபவமில்லாத பையன்களைப் பார்த்து அதிகாரிகள் சிரிக்கிற சிரிப்பு அது.

"ரெண்டாந்தரம்தானேப்பா. இன்னும் ஒரு தரம் கேப்பான். அப்போ பாத்துக்கலாம்."

அழுத்தினார்.

இளவரசி போய்விட்டாள். வெள்ளைத் திரையில் ஒரு பச்சை வட்டம், நடுவில் ஒரு சரிக்குறி. 'உங்கள் சந்தா ரத்து செய்யப்பட்டது. நன்றி.'

ரங்கா காத்திருந்தார். திரை மங்கியது. அணைந்துவிடாமல் விரலால் தொட்டார். வட்டம் அப்படியே இருந்தது. இரண்டாவது முறை மங்கியதும் ரகு மெதுவாகச் சொன்னான். முன்பெல்லாம் அவன் கம்பெனியிலும் ஐந்து தடவை கேட்பார்களாம். தண்ணீர் குடிக்காமல் செத்துப்போவீர்கள் என்பது வரைக்கும் சொல்லிப் பார்ப்பார்களாம். இப்போது முடியாது.

"போறேன்னு சொல்றவன ரொம்ப நச்சரிக்கக் கூடாதுன்னு ரூல் வந்துருச்சு சார்."

"யாரோட ரூல்?"

"கவர்மென்ட்டு."

முப்பத்தைந்து வருடம் விதிகளின் நடுவில் வாழ்ந்தவர் ரங்கா. வரைவு எழுதியிருக்கிறார், திருத்தம் போட்டிருக்கிறார், அரசிதழுக்கு அனுப்பியிருக்கிறார். அவற்றில் ஒன்றாவது நடைமுறைக்கு வந்ததை அவர் நேரில் பார்த்ததில்லை. இதுதான் முதல்.

ஒரே தட்டில் திரும்பச் சேர்ந்துவிடலாம் என்று ரகு சமாதானம் சொன்னான். ரங்கா கேட்கவில்லை. விடுவிக்கப்பட்ட அதிகாரி தானாகப் போய்த் தன்னைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்பதில்லை. அவர்கள் அழைக்க வேண்டும். விடுவிக்கப்பட்ட பிறகும் அறையில் உட்கார்ந்திருப்பது அதைவிடக் கேவலம். ஆகவே அப்போதே, ரகுவின் கட்டிலில் உட்கார்ந்தபடி, ஆப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்தார். நீக்கவா என்று கேட்டது. ஒரே ஒரு தடவை. கிரீடம் வைத்த சிங்கத் தலை மறைந்தது. கைப்பேசியில் நிறைய இடம் காலியாகிவிட்டதாகவும், அதற்குள் வேறு என்ன வைத்துக்கொள்ளலாம் என்றும் ஓர் அறிவிப்பு வந்தது.

மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது. 'உங்களைக் காணாமல் தவிக்கிறோம், ரங்கா.' சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இடது கையால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். கோமளத்திடம் சாதாரணமாகச் சொல்வது மாதிரி சொன்னார். போகப்போகிறீர்களா என்று கேட்டாள் அவள். உடனே எப்படிப் போவது, சில நிபந்தனைகள் இருக்கின்றன என்றார்.

நிபந்தனைகள் இரண்டு பக்கம் வந்தன. அரட்டைப் பெட்டியில் ஆயிரம் எழுத்து வேண்டும். உறுப்பினர்களில் பாதியாவது மனிதர்களாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவதை எழுதி, அடித்து, 'இயன்ற அளவு' என்று சேர்த்துக்கொண்டார். அனுப்பிய அதே நொடியில் பதில் வந்தது. இந்த முகவரிக்கு வரும் கடிதங்களை யாரும் படிப்பதில்லை.

அவர் கோபப்படவில்லை. தன் இலாகா வாசலிலும் ஒரு பெட்டி இருந்தது. ஆலோசனைகள் வரவேற்கப்படுகின்றன என்று எழுதியிருக்கும். அதன் சாவி யாரிடம் இருந்தது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

கோமளத்தின் அடுத்த சிட்டிங்குக்கு ரங்கா கூடவே போனார். அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கிளினிக்கில் காத்திருந்த ஒரு மணி நேரமும் கைப்பேசியைத் தொடையில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, ஒன்றும் இல்லாத திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு அதில் யானையாவது இருந்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில், வேணும்னா மறுபடி சேந்துக்கோங்கோளேன் என்றாள். அவர் வெளியே ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு, கூப்பிடுவா என்றார்.

ஐந்து வாரம் கூப்பிடவில்லை. ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, தொட்டியைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு மாடிக்கு வந்தார். தொட்டியைப் பார்த்தார். பிறகு ரகுவின் வாசலில் நின்று, அந்த மண்டலம் இப்போது எந்த நிலைமையில் இருக்கிறதென்று யாராவது பார்த்துச் சொன்னால் தேவலை என்றார். சும்மா ஒரு தகவலுக்கு. பொறுப்பு யாரிடம் இருக்கிறது, கலைத்துவிட்டார்களா என்று.

ரகு தன் கைப்பேசியில் விளையாட்டை இறக்கி, பிரஜையாகச் சேர்ந்து, கருடத்வஜ மண்டலத்தைத் தேடினான். கிடைத்தது. பார்த்தான். கைப்பேசியைக் கொஞ்சம் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டான்.

"காட்டு," என்றார் ரங்கா.

மண்டலம் கலையவில்லை. அவர் விட்டபோது தரவரிசைப் பட்டியலில் தொள்ளாயிரத்து நாற்பதாவது இடத்தில் இருந்தது, இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு. உச்சியில், கிரீடத்துக்குப் பக்கத்தில், தலைவரின் பெயர் இருந்தது. மகாமண்டலேஸ்வர ரங்கா. பெயரை ஒட்டிப் பச்சைப் புள்ளி. ஆன்லைனில் இருக்கிறார்.

"சீட்டு காலியா இருந்தா மத்தவங்களும் கெளம்பிருவாங்கன்னு கம்ப்யூட்டர ஓட விட்டுருக்காங்க சார்," என்றான் ரகு. "உங்க பேருல. வேற ஒண்ணும் இல்ல."

மத்தவங்க யார் என்று ரங்கா கேட்கவில்லை. இருந்தது ஒரே ஒரு மத்தவள்தான். அரட்டைப் பெட்டியில் கடைசியாக எழுதியிருந்ததும் அவள்தான். 'சீஃப் அங்கிள் இப்போ சூப்பர். லெட்டர் எல்லாம் வர்றதில்ல. டெய்லி கோல்ட் கரெக்டா வருது. தேங்க்ஸ்.' அதற்குத் தலைவர், 'நன்றி, வீரரே. போருக்குத் தயார்,' என்று பதில் எழுதியிருந்தார். காலை ஆறு மணிக்கு.

ரங்கா கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கிக்கொண்டார். ரகுவின் பெயரில், ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாகத் தட்டினார். அவர் வாழ்நாளில் எழுதிய மிகச் சின்னக் கடிதம் அது. 'தலைவர் ராஜினாமா செய்துவிட்டார், தெரியுமா?'

ஒரு நிமிடத்தில் ஆஷ்லியிடமிருந்து பதில் வந்தது. 'இல்ல ப்ரோ. ஆன்லைன்லதான இருக்காரு, பாருங்க.'

அவர் பார்த்தார். இருந்தார்.

தலைவரின் பக்கத்தைத் திறந்து, அன்று செய்திருந்த வேலைகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிப் படித்தார். தங்கம் பிரித்தது, கோட்டைச் சுவர் செப்பனிட்டது, யானைகளுக்குக் கவளம். கோப்பில் குறை தேடுகிற பழக்கத்தில் ஒரு தடவை மேலிருந்து கீழே, இன்னொரு தடவை கீழிருந்து மேலே.

"நன்னாத்தான் நடத்தறான்," என்றார். "குறை சொல்ல ஒண்ணும் இல்லை."

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினார்.

ரகு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். படி திரும்புகிற இடத்தில், கைப்பிடிச் சுவரில் ஒரு கையை ஊன்றி, ரங்கா நின்றார். மூச்சு வாங்குவதற்காக இல்லை, பன்னிரண்டு படிதான் அது. திரும்பியும் பார்க்கவில்லை. ஓர் அறையைவிட்டு வெளியே வந்த பிறகு, உள்ளேயிருந்து கூப்பிட எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் நின்றார். ரகுவுக்கு அது புரிந்தது. கூப்பிட வேண்டும் என்றும் தோன்றியது. சார் என்று வாயெடுத்தால் அதற்குப் பிறகு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. காபி சாப்பிடுறீங்களா என்று கேட்கலாம். வீட்டில் பால் இருக்கிறதா என்று யோசித்தான். அதற்குள் உள்ளே மேஜைமேல் லேப்டாப் மணியடித்தது. பதினொரு மணி மீட்டிங். நேற்று எத்தனை பேர் தண்ணீர் குடித்தார்கள் என்று அவன் சொல்ல வேண்டும். உள்ளே போனான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கீழ்ப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.